கட்டடம் எழும்பும் முன்: குமரி மாவட்ட நிலத்தில் தொல்லியல் ஆய்வைத் திட்டமிடும் முறை

நிலம் வாங்கியாயிற்று, வரைபடம் தயார், வங்கிக் கடனும் கையெழுத்தாயிற்று. அதன் பிறகு அஸ்திவாரக் குழியில் ஒரு முதுமக்கள் தாழியின் வாய் தெரிந்தால் வேலை நிற்கும். ஜேசிபி வாடகையும் கடன் வட்டியும் நிற்காது. அதே தாழி வரைபடம் போடும் முன்பே தெரிந்திருந்தால், செப்டிக் டேங்கை ஆறு மீட்டர் தள்ளிப் போடுவதோடு காரியம் முடிந்திருக்கும். தொல்லியல் ஆய்வைத் திட்டமிடுவதில் முக்கால் பங்கு இதுதான்: தேடுவதை முன்னால் கொண்டுவருவது.

எல்லாக் கட்டடத்துக்கும் முன்பாகத் தொல்லியல் ஆய்வு செய்தே தீர வேண்டும் என்ற பொதுச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சுற்றுவட்டத்துக்குத்தான் கட்டாய விதிகள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி முன் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தில் அருகே தொல்லியல் இடங்கள் உண்டா என்ற கேள்வியும் வரும். இதற்குக் கீழே உள்ள வீட்டு மனைப்பிரிவு, கல்யாண மண்டபம், மருத்துவமனை, ஹோட்டல் எல்லாவற்றிலும் உரிமையாளரும் பொறியாளரும் தாங்களாகவே திட்டமிட்டால்தான் உண்டு.

அதிலும் குமரி மாவட்டத்துக்கு ஒரு தனி நெருக்கடி இருக்கிறது. ஏலா எனப்படும் தாழ்வான வயல்வெளியில் நெல், மேட்டில் குடியிருப்பு, பொத்தை எனப்படும் பாறைக்குன்றின் சரிவில் கோயில் என்ற அமைப்பு இங்கே பல நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. நெல்வயலையும் குளத்தையும் விட்டால் கட்டடத்துக்கு மிஞ்சுவது மேடுதான். பழைய ஆட்கள் வீடு கட்டியதும் அதே மேட்டில்தான். சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் பெற்ற கோட்டாறு இன்று நாகர்கோவிலின் கடைவீதி. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலையும் (வேதம் கற்பிக்கும் கல்விச்சாலை) அமைத்த பார்த்திபசேகரபுரம் முஞ்சிறைப் பக்கம் ஆளிருக்கும் ஊர். திருவிதாங்கோடு, பத்மநாபபுரம், 1741இல் டச்சுக்காரர்களோடு போர் நடந்த குளச்சல் என எதை எடுத்தாலும் அதன் மேல் இப்போது வீடுகள்.

காகிதத்தில் தொடங்குங்கள்

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் காகிதத்துக்கு ஒதுக்குங்கள். செலவு குறைந்த கட்டம் இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான்.

முதலில் வருவாய் ஆவணங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் புலப்படம் எடுத்தால் போதாது. சுற்றியுள்ள எல்லா சர்வே எண்களுக்கும் கிராம வரைபடத்தையும் ஏ பதிவேட்டையும் (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) பாருங்கள். குளப் புறம்போக்கு, சுடுகாடு, மண்டபம், கோயில், பாதை என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று குறியுங்கள். நேர்கோட்டில் போகும் எல்லை ஓரிடத்தில் மட்டும் காரணமில்லாமல் வளைந்தால் அங்கே எதையோ சுற்றிப் போயிருக்கிறார்கள் என்று பொருள். பழைய கிணறாக இருக்கலாம், மதில் அடியாக இருக்கலாம், குடும்பக் கோயில் பீடமாக இருக்கலாம்.

அடுத்தது மூலப் பத்திரங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பழைய பத்திரங்களில் மலையாளத்தில் எழுதியவை நிறைய. படிக்கத் தெரிந்தவரை உட்காரவைத்து நான்கெல்லை விவரத்தை முழுதாகத் தமிழில் எழுதி வாங்குங்கள். சொத்துரிமைக்கு வேண்டியதை மட்டும் வக்கீல் பார்ப்பார். ‘கிழக்கே இடிந்த அம்பலம் (கோயில்)’, ‘தெற்கே கோட்டை மதில்’ போன்ற வரிகள் அவருக்குத் தேவைப்படாது, உங்களுக்குத் தேவைப்படும். ஆண்டு கொல்லம் கணக்கில் இருந்தால் ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐயும், அதற்குப் பிறகு ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1075 சித்திரையில் எழுதிய பத்திரம் 1900ஆம் ஆண்டுக்குரியது.

மூன்றாவது, அச்சில் வந்த கல்வெட்டுகளும் பழைய நிலவரைபடங்களும். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் குமரி மாவட்டக் கல்வெட்டுகள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறையும் இந்த மாவட்டக் கல்வெட்டுகளைத் தனித் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் கிராமத்தின் பெயரை மட்டும் தேடாமல் பழைய பெயரையும் பக்கத்துக் கிராமங்களின் பெயரையும் தேடுங்கள். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு ராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்து வரைந்த வரைபடங்களில் பழைய வழிகளும் கோட்டை வரம்புகளும் தெரியும்.

கடைசியாக ஊரார். கிணறு வெட்டியவர்கள், தென்னைக்குக் குழி எடுத்தவர்கள், செங்கல் சூளைக்கு மண் அள்ளியவர்கள் ஆகிய மூன்று பேரையும் தேடிப் பிடியுங்கள். ‘பழம்பொருள் கிடைத்ததா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். புதையல் பேச்சு வந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. ‘எத்தனை அடியில் பாறை வந்தது, மண் எங்கே நிறம் மாறியது, பானை ஓடு எங்கே அதிகம்’ என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்வார்கள்.

இத்தனையையும் ஒரே வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் சர்வே எண், உங்கள் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், எங்கிருந்து தெரிந்தது ஆகிய மூன்றும் இருக்கட்டும். இந்த ஒரு தாள்தான் பிறகு கட்டட வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கப்போவது.

100 மீட்டர், 300 மீட்டர்

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 1958ஆம் ஆண்டின் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. புதுக் கட்டடம் கூடாது, இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அனுமதி பெற்றுக் கட்டலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிதறால் மலையின் சமணச் சிற்பங்கள், திருநந்திக்கரைக் குடைவரை, வட்டக்கோட்டை ஆகியவை இப்படிப் பாதுகாக்கப்பட்டவை.

இதில் அளவு தப்புவது இரண்டு விதமாக. ஒன்று, கோபுரத்திலிருந்தோ கோட்டைச் சுவரிலிருந்தோ அளப்பது. சட்டம் சொல்வது பாதுகாக்கப்பட்ட எல்லையை, அது சுவருக்கு வெளியேயும் இருக்கும். இன்னொன்று, சாலை தூரத்தைக் கணக்கில் எடுப்பது. சிதறால் போன்ற மலையைச் சுற்றிப் போகும் பாதை அரை கிலோமீட்டர் காட்டும். வரைபடத்தில் நேர்கோட்டில் 250 மீட்டர்தான் இருக்கும். இஸ்ரோவின் புவன் தளத்தில் சின்னங்களின் எல்லையையும் இரண்டு வளையங்களையும் பார்க்கலாம். அதில் பார்த்தபின் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து மனையின் நான்கு மூலைக்கும் ஆயத்தொலைவு எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரைக்க வேண்டும், பிறகு ஒரு மாதத்தில் முடிவு வர வேண்டும். சட்டக் கணக்கே மூன்றரை மாதம். தாள் திரும்பி வருவது பெரும்பாலும் உயரத்தால்: மாடிப்படிக் கூண்டு, கைப்பிடிச் சுவர், தண்ணீர் தொட்டி எல்லாம் சேர்த்த உயரத்தையும் பேஸ்மெண்ட் ஆழத்தையும் முதலிலேயே எழுதுங்கள். பின்னால் தொட்டியை ஏற்றினால் அனுமதியே கேள்விக்குள்ளாகும்.

மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம். பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில் என்றாலும் நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் அது இருக்கிறது. அந்தக் கோட்டைக்குள்ளும் ஓரத்திலும் வேலை என்றால் இரண்டு பக்கமும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. வாய்மொழியாக ‘பிரச்சினை இல்லை’ என்று சொன்ன அலுவலர் மாறிப்போவார், கோப்பு மாறாது.

நடந்து பார்ப்பது

எப்போது நடப்பது என்பதுதான் முதல் கேள்வி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை நிலம் பச்சையாகவே கிடக்கும், ஓடு எதுவும் கண்ணில் படாது. கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் வயல் தரிசாகும் சமயம் பொருத்தமானது. சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் அடைத்தபின் குளங்கள் இறங்கும். படித்துறை, மடை, கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) எல்லாம் வெளியே தெரியும். கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள். மண் கழுவப்பட்டு பானை ஓடுகள் தனியாகத் தெரியும்.

ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் பக்கம் 64 மீட்டர். 5 மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டினால் 13 கோடு. இரண்டு பேர் அரை நாளில் முடிக்கலாம். 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை ஓடு என்று எண்ணி எழுதுங்கள். பொறுக்கிச் சேர்க்க வேண்டாம். எங்கே அடர்த்தி என்பதுதான் செய்தி. பொறுக்கிவிட்டால் அந்தச் செய்தி போய்விடும்.

ஓடுகளைப் பிரித்தறிய நிபுணர் வந்துதான் ஆக வேண்டும் என்றாலும் முதல் சலித்தெடுப்பை நீங்களே செய்யலாம். கூரைக்குப் போடும் நாட்டு ஓடும் மங்களூர் ஓடும் தட்டையாகவோ ஒரே வளைவாகவோ இருக்கும். பானை ஓட்டில் இரண்டு பக்கமும் வளைவு தெரியும், உள்பக்கம் சக்கரத்தின் வரிகள் ஓடும். உடைந்த விளிம்பைப் பாருங்கள்: உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, வாய்ப்பக்கம் மட்டும் வெளியிலும் கருப்பு என்றால் அது கருப்பு-சிவப்புப் பானை. கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப்படாத பக்கம் கருத்துவிடுகிறது. பெருங்கற்காலத்தோடும் சங்ககாலத்தோடும் சேர்த்துப் பேசப்படும் வகை இது. ஒரு கைப்பிடி கிடைத்தாலே தொல்லியல் அலுவலருக்குச் சொல்லத் தகுந்த காரணம். செங்கலையும் அளந்து பாருங்கள். இன்றைய செங்கல் நீளம் சுமார் 23 செ.மீ.; கீழடியில் கிடைத்தவை 38×23×6 செ.மீ. அகலமாய், தட்டையாய், கனமாய்ச் செங்கல் வந்தால் ஓரமாக வைக்காமல் அங்கேயே படமெடுங்கள்.

பழைய காலத்தில் இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடும் செம்மண் நிலத்துச் சரளைக் கல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இந்த மாவட்டத்தின் மேற்கில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். உடைத்துப் பாருங்கள். கசடின் உள்ளே காற்றுக்குமிழ் ஓட்டைகளும் கண்ணாடிபோல் மினுங்கும் ஓட்டமும் தெரியும். சரளைக் கல் உள்ளேயும் மண்மண்ணாக, மஞ்சளும் சிவப்பும் கலந்து இருக்கும்.

ஓடு நிறையக் கிடைத்தால் உடனே அங்கே ஊர் இருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குளத்து வண்டலை எருவாக வயலுக்கும் விளைக்கும் (மேட்டுத் தோட்டத்துக்கும்) அடிப்பது இங்கே பழைய வழக்கம். வண்டலோடு குளக்கரை ஓடுகளும் வந்திருக்கும். அப்படி வந்தவை சிறியதாய், விளிம்பு தேய்ந்து, நிலம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். அந்த இடத்துக்கே உரியவை பெரிய துண்டுகளாய், கூர் விளிம்போடு, ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். சரிவின் அடியில் கிடைத்தால் மேலே ஏறிப் பாருங்கள்; மழை உருட்டிக் கொண்டுவந்ததாக இருக்கலாம்.

கல்வெட்டுகள் பெரும்பாலும் இடம் மாறித்தான் கிடக்கும்: படித்துறைக் கல்லில், மடைத் தூணில், சுமைதாங்கியில், வாசற்படியில். இந்த மாவட்டத்தில் வட்டெழுத்தும் உண்டு; பார்த்த மாத்திரத்தில் கீறல்போல் தோன்றும். காலை ஏழு மணி வெயிலிலோ, இருட்டில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோ பார்த்தால் வரிகள் நிழலோடு எழும்பி வரும். சாக்பீஸ், மஞ்சள், எண்ணெய், கம்பி பிரஷ் எதுவும் கல்லைத் தொடக்கூடாது. மைப்படி எடுப்பது, அதாவது எழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுப்பது, பயிற்சி பெற்றவர் வேலை.

மனைக்குள் மாடன், இசக்கி போன்ற நாட்டார் தெய்வங்களின் பீடம் இருந்தால் அதைக் கும்பிடும் குடும்பத்தை முதலிலேயே பார்த்துப் பேசுங்கள். பெயர்த்து நட்ட நடுகல் அந்தப் பீடமாகவே இருப்பதும் உண்டு.

மண் பரிசோதனையோடு சேர்த்துச் செய்வது

ஆய்வு என்ற பெயரில் தனியார் தாமாக அகழக் கூடாது. அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். மாநில அரசே பாதுகாக்கப்படாத இடத்தில் தோண்டினாலும் மத்திய ஒப்புதல் பெற்றுத்தான் தோண்டுகிறது. ஆனால் அஸ்திவார வடிவமைப்புக்கு மண் பரிசோதனை எப்படியும் நடக்கும். அந்தக் குழிகளைத் தொல்லியல் தெரிந்தவர் நின்று பார்ப்பதற்குத் தடையில்லை. அதனால் மண் பரிசோதனை ஒப்பந்தத்தை எழுதும் நாளே அதில் இவருக்கும் இடம் வையுங்கள்.

வழக்கமான துளை பரிசோதனையில் ஒரு குறை இருக்கிறது. மாதிரி எடுப்பது பெரும்பாலும் 1.5 மீட்டர் ஆழத்துக்கு ஒன்று. மேலே உள்ள முதல் ஒன்றரை மீட்டரை ‘நிரப்பு மண்’ என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடுவார்கள். பழைய தரையும் தாழியும் அடுப்பும் இருப்பது பெரும்பாலும் அந்த ஒன்றரை மீட்டருக்குள்தான். ஆகவே துளைகளோடு சேர்த்துத் திறந்த குழிகளும் கேளுங்கள்: ஏக்கருக்கு 20 மீட்டர் இடைவெளியில் சுமார் 10 குழி, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் சதுரம், கன்னிமண் (மனிதக் கை படாத இயற்கை மண்) வரும் வரை. பொத்தையின் மேல் 30 செ.மீட்டரிலேயே பாறை வரும். அடிவாரத்தில் மேலிருந்து வந்த மண் படிந்து 2 மீட்டர்கூடப் போக வேண்டியிருக்கும். 1.5 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள். முட்டம், லீபுரம் பக்கத்துத் தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) அதற்கு முன்பே சரியும். அங்கே குழியின் ஓரத்தைச் சாய்வாகவே வெட்ட வேண்டும்.

குழி வெட்டியதும் ஒரு சுவரை மட்டும் கொத்துக்கரண்டியால் மேலிருந்து கீழாக மெல்லச் சீவி நேராக்குங்கள். வெயிலில் செம்மண் சுவர் முழுவதும் ஒரே நிறமாய் வெளிறிவிடும், அடுக்குகள் தெரியாது. பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பனிபோலத் தெளித்தால் ஒரு நிமிடத்துக்குள் நிறங்கள் பிரிந்து வரும். அந்த ஒரு நிமிடத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அடுக்குகளின் கோட்டை ஆணியால் கீறி, 1:20 அளவில் வரைந்துவிட வேண்டும்.

சுவரில் சதுரமாய், தளர்ந்த கருமண்ணோடு, 1 மீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் தெரிந்தால் அது தென்னங்குழி. 7 முதல் 8 மீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும். ரப்பர் தோட்டத்தில் படிக்கட்டு வெட்டு தெரியும், அங்கே மேல்பக்கம் வெட்டுப்பட்டும் கீழ்ப்பக்கம் மூடப்பட்டும் இருக்கும். பழைய எச்சம் தப்பியிருக்க வாய்ப்புள்ளது கீழ்ப்பக்கத்தில். கருப்புப் புள்ளிகளை விரலால் நசுக்குங்கள்: பொடிந்து விரலில் ஒட்டினால் கரி, நசுங்காமல் உருண்டால் மாங்கனீசுக் கட்டி. எலும்பு இல்லை என்பதால் புதைகுழி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் எலும்பு கரைந்துபோகும். தாழிக்குள் வெறும் மண்தான் மிஞ்சியிருக்கும்.

தோண்டிய மண்ணைச் சலிக்க 5 மி.மீ. சல்லடை போதும். தேரி மணலில் மட்டும் 2 மி.மீ. வேண்டும்; தூத்துக்குடி மாவட்டத் தேரிகளில் கிடைத்ததுபோன்ற நுண்கற்கருவிகள் ஓரிரு செ.மீ. நீளம்தான், பெரிய கண் வழியாக விழுந்துவிடும்.

சிறு குழிகளின் பலவீனத்தையும் கணக்கில் வையுங்கள். 10 குழி சேர்ந்தாலும் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர், ஏக்கரில் முந்நூற்றில் ஒரு பங்கு. பரவிக் கிடக்கும் வாழ்விட மண்ணைக் கண்டுபிடிக்க இது போதும்; 80 செ.மீ. அகலமுள்ள ஒற்றைத் தாழியைக் கண்டுபிடிக்கப் போதாது. ‘பத்துக் குழியில் ஒன்றும் இல்லை’ என்ற அறிக்கையை ‘நிலத்தில் ஒன்றும் இல்லை’ என்று படித்துவிட்டுத்தான் பலர் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். மேற்பரப்பில் கருப்பு-சிவப்பு ஓடு கிடைத்த நிலம் என்றால், உரிமம் உள்ள பல்கலைக்கழகமோ தொல்லியல் துறையோ நீள அகழிகள் போட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 20 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலத்தில் இரண்டு அகழி என்றால் 72 சதுர மீட்டர். அதைவிட முக்கியம், நீளக்கோடு குறுக்கே கிடக்கும் சுவரையும் பள்ளத்தையும் தவறாமல் வெட்டும். பல் இல்லாத தட்டை பக்கெட் மாட்டிய ஜேசிபியால் 10 செ.மீ. வீதம் சீவ வேண்டும். பல் உள்ள பக்கெட் மண்ணைக் கிளறிவிடும், நிற வேறுபாடு தெரியாது.

கருவிகளை வைத்து மேலிருந்தே பார்த்துவிடலாம் என்று விற்பனைக்கு வருபவர்களிடம் கவனம். காந்த அளவி செம்மண்ணிலும் மணவாளக்குறிச்சிக் கருமணலிலும் இரும்புத் தாதுக்களின் இரைச்சலில் மூழ்கிவிடும். தரை ஊடுருவும் ராடார் ஏலாவின் ஈரக் களியிலும் கடற்கரை உப்பு மண்ணிலும் ஆழம் போகாது; மேட்டில் காய்ந்த மண்ணில் பயன்படும். மின்தடை அளவீடு கல் மதிலைத் தேடுவதற்கு ஓரளவு உதவும். எதுவானாலும் குழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே நம்ப வேண்டும்.

காலக் கணக்கு

மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூனில் மழை தொடங்கும் முன் தரைமட்ட வேலை முடிய வேண்டும் என்றால், முந்தைய ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் காகித வேலை. செப்டம்பருக்குள் அனுமதி விண்ணப்பம் போனால் சட்டக் கணக்குப்படி ஜனவரியில் பதில் கையில் இருக்கும். பிப்ரவரியில் நடந்து பார்ப்பது, மார்ச் முதல் பாதியில் குழிகள், அதன் அறிக்கை வந்த பிறகே கட்டட வரைபடத்துக்கு இறுதிக் கையெழுத்து. வரைபடக் கலைஞருக்கு முன்கூட்டியே முழுத்தொகையும் கொடுத்துவிட்டால் மாற்றச் சொல்வது கஷ்டம். ஒரு திருத்தம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

ஏலாவை ஒட்டிய மனையில் மார்ச் தாண்டினால்கூட 1 மீட்டரில் ஊற்று வரலாம். ஒரு சிறு மோட்டாரும் குழியின் மூலையில் சேகரிப்புப் பள்ளமும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

வரைபடத்தை மாற்றுவது

எச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் நகர்த்த வேண்டியவை ஆழமானவை: செப்டிக் டேங்க், சம்ப், லிஃப்ட் குழி, மழைநீர் சேகரிப்புக் குழி. கட்டடத்தின் பெரும்பகுதி 1 மீட்டருக்குள் நிற்கும்போது இந்த நான்கும் 2, 3 மீட்டர் போகும். இவற்றைத் தென்னங்குழியாலோ செங்கல் சூளையாலோ ஏற்கெனவே கெட்டுப்போன மூலைக்குத் தள்ளினால் பாதிப் பிரச்சினை தீரும். பிறகு அஸ்திவாரம். தூணுக்குத் தூண் ஆழமாகத் தோண்டும் தனித்தனி ஃபுட்டிங்குக்குப் பதில் தரையை 60, 75 செ.மீ. உயர்த்தி ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே கான்கிரீட் பலகை) போடலாமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். மண்ணின் தாங்குதிறன் இடம் கொடுத்தால் எச்சம் அப்படியே கீழே பத்திரமாக இருக்கும். மூடும்போது முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் 15 முதல் 30 செ.மீ. சுத்தமான மணல், பிறகு நிரப்பு மண். கடல் மணல் கூடாது; உப்பு பானையையும் கல்லையும் அரித்துவிடும். அதிர்வு ரோலரை அந்தப் பகுதியில் ஓட்டக்கூடாது, மேலே ஆழ வேர்விடும் மரமும் வைக்கக்கூடாது.

ஒப்பந்தக்காரரோடு எழுத வேண்டியது

மண் அள்ளும்போது எச்சம் அழிவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, கூலி முறையால். டிப்பர்காரருக்கு லோடு கணக்கு, ஜேசிபிக்கு மணிக்கணக்கு. நிறுத்தினால் நஷ்டம் என்றால் ஓட்டுநர் எதையும் பார்க்கமாட்டார். ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: பழம்பொருள் தெரிந்து நிறுத்திய நேரத்துக்குப் பேசிய வாடகை உண்டு, முதலில் சொன்ன தொழிலாளிக்கு ஊக்கத்தொகை உண்டு. முதல் 1.5 மீட்டர் மண் எடுத்து முடியும் வரை, வண்டி ஒன்றுக்குக் கண்காணிப்பவர் ஒருவர் நிற்க வேண்டும். இரண்டு வண்டிக்கு ஒருவர் என்றால் ஒரு வண்டியை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். முதல் வாரம் அள்ளிய மண்ணை வெளியே விற்காமல் மனையின் மூலையிலேயே குவித்து வையுங்கள்.

வேலையின் நடுவே கிடைத்தால்:

1. கிடைத்த இடத்தைச் சுற்றி 5 மீட்டர் கயிறு கட்டுங்கள். மற்ற மூலையில் வேலை நடக்கலாம்.
2. பொருளை எடுக்காதீர்கள். தாழியை எடுத்தவுடன் உள்ளே இருப்பது கலைந்துவிடும்.
3. வடதிசையும் அளவுகோலும் தெரிய மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, இரண்டு எல்லைக் கற்களிலிருந்து தூரமும் தரையிலிருந்து ஆழமும் அளந்து எழுதுங்கள்.
4. ஈரத்துணி, அதன் மேல் தார்ப்பாய். பிளாஸ்டிக் ஷீட்டை நேரடியாகப் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.
5. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், தொல்லியல் அலுவலர் மூவருக்கும் அன்றே எழுத்தில் தகவல். மனித எலும்பு என்றால் காவல் நிலையத்துக்கும். பழையதா புதியதா என்பது அவர்கள் பார்த்துத் தீர வேண்டியது.
6. காசு, நகை, உலோகச் சிலை, வேறு மதிப்புள்ள பொருள் என்றால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். 10 ரூபாய் மதிப்பைத் தாண்டிய எதையும் என்ன, எவ்வளவு, எங்கே, எப்போது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும். மறைத்தால் புதையலில் உங்களுக்கு வரக்கூடிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் வரும்.
7. செய்தியாளரும் கூட்டமும் வருவதற்கு முன் இரவுக் காவலுக்கு ஆள் போடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றிரவே குழி தோண்டப்பட்டுக் கிடப்பது நடக்கிற விஷயம்.

ஆறாவதில் பயப்பட ஒன்றுமில்லை. தகவல் சொன்ன உரிமையாளரின் நிலம் அதனால் பறிபோகாது. ஒரு தாழியோ நாலு காசோ கிடைத்த மனையில் பதிவு செய்து பொருளை எடுத்தபின் கட்டடம் தொடர்வதே வழக்கம். மறைத்தால்தான் வழக்கு, வழக்கு வந்தால்தான் வருடக்கணக்கில் முடக்கம்.

பதிவு

வேலை முடிந்ததும் குழிகளின் வரைபடம், படங்கள், ஓடு எண்ணிக்கைத் தாள், ஆழ அளவுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்குங்கள். ஒன்றும் கிடைக்காத குழிகளையும் சேர்த்துத்தான், ‘இங்கே 1.4 மீட்டரில் கன்னிமண், எச்சமில்லை’ என்ற வரி பக்கத்து மனைக்காரருக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். ஒரு பிரதி தொல்லியல் அலுவலருக்கு, ஒன்று கட்டட அனுமதி தந்த உள்ளாட்சி அலுவலகக் கோப்புக்கு, ஒன்று பத்திரத்தோடு வீட்டில். மூடி வைத்த எச்சம் இருந்தால் அதன் ஆழத்தையும் மூலைக்கல்லிலிருந்து தூரத்தையும் கட்டடத்தின் இறுதி வரைபடத்திலேயே சிவப்பு மையில் குறித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து போர்வெல் போட வருபவர் பார்க்கப்போவது அந்தத் தாளை மட்டும்தான்.